ரஷ்ய ஈஸ்டர் 'பாஸ்கா': க்வார்க்கில் செய்தால் கட்டியாக நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

அடுப்படி

வணக்கம். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லச் சமையலறைக்காகக் கேட்கிறேன். இங்கே இருக்கும் ரஷ்ய அம்மா ஒருவர், பாஸ்கா என்ற பாலாடைக்கட்டி இனிப்பு இல்லாவிட்டால் அது ஈஸ்டரே இல்லை என்கிறார். 500 கிராம் க்வார்க் (இங்கே கிடைக்கும் மென்மையான தயிர்க்கட்டி), 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, இரண்டு பச்சை மஞ்சள் கரு எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துத் துணியில் கட்டி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தோம். துணியைப் பிரித்ததும் தட்டில் கூழாகப் பரவிவிட்டது. ஜெலட்டின் சேர்க்கலாமா? எந்தத் தேதிக்குச் செய்ய வேண்டும்?

உறைமோர்

ஜெலட்டின் வேண்டாம். வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும், அவர் எதிர்பார்க்கும் பண்டம் அது இல்லை.

கோளாறு இரண்டு. முதலாவது க்வார்க். ரஷ்யர்கள் இதற்கு எடுப்பது த்வோரொக். பாலை உறையவைத்து, அந்தத் தயிரை மெல்லச் சூடேற்றி, தெளிநீர் பிரிந்ததும் துணியில் வடித்து எடுப்பார்கள். உதிரியாக, ஈரம் குறைவாக இருக்கும். க்வார்க் மழமழவென்று இருப்பதால் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது மிக்ஸி. சுற்றச் சுற்ற இன்னும் இளகும். மரக்கரண்டியால் கலந்தால் போதும்.

கடையில் ஷிஷ்ட்கேஸே என்ற ஜெர்மன் தயிர்க்கட்டி கிடைத்தால் அதை வாங்குங்கள், த்வோரொக்குக்கு மிக நெருக்கம். ரஷ்யக் கடை பக்கத்தில் இருந்தால் த்வோரொக்கே கிடைக்கும். இரண்டையும் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் நறநறக்கும். க்வார்க்தான் என்றால் கொழுப்பு கூடியதாக 1.5 கிலோ எடுத்து, ஈரத்துணியில் கட்டி, மேலே பாரம் வைத்து ஓர் இரவு வடியவிடுங்கள். ஏறத்தாழ ஒரு கிலோ மிஞ்சும். கணக்கை அந்த ஒரு கிலோவிலிருந்து தொடங்குங்கள்.

எலுமிச்சை பிழிந்து திரித்த பன்னீர் இதற்கு ஆகாது. ரப்பர் போல நிற்கும், வெண்ணெயோடு சேராது, புளிப்பும் வராது.

நெய்விளக்கு

முதியோர் இல்லம் என்பதால் பச்சை மஞ்சள் கருவைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சால்மொனெல்லா அந்த வயதில் உயிருக்கே ஆபத்து. ரஷ்யாவிலேயே இதற்குக் காய்ச்சும் முறை உண்டு, 'ஸவர்னயா' என்பார்கள்.

வடித்த ஒரு கிலோவுக்கு: 4 மஞ்சள் கரு, 200 கிராம் சர்க்கரை, 200 மி.லி. புளிக்காத கிரீம். மூன்றையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கைவிடாமல் கிளறி 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். 85ஐத் தாண்டினால் முட்டை திரிந்துவிடும். உடனே இறக்கிக் குளிர்ந்த நீரில் பாத்திரத்தை வைத்துக் கிளறுங்கள். வெதுவெதுப்பு போனதும் 200 கிராம் மெத்தென்ற வெண்ணெய், வெனிலா, பிறகு த்வோரொக். கடைசியாக 100 கிராம் உலர்திராட்சை, கொஞ்சம் நறுக்கிய பாதாம்.

வெண்ணெயை உருக்கி ஊற்றாதீர்கள், எண்ணெய் தனியாக நிற்கும். அளவையும் குறைக்காதீர்கள். குளிரில் இறுகி எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது அந்த வெண்ணெய்தான்.

வடக்குவாசல்

செய்யத் தொடங்குமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த அம்மா பிறந்த ஊர் எது? ரஷ்யாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் பாஸ்கா என்றால் நீங்கள் சொல்லும் த்வோரொக் இனிப்பு. உயரமான ஈஸ்டர் ரொட்டிக்குப் பெயர் குலிச். தெற்கே குபான், ரஸ்தோவ் பக்கமும் உக்ரைனிலும் அந்த ரொட்டியையே பாஸ்கா என்பார்கள். நம் கத்தோலிக்கர்கள் பாஸ்கா விழா என்பதும் இதே சொல்தான்.

தேதி: ரஷ்யத் திருச்சபை ஈஸ்டரைப் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி கணக்கிடுகிறது. 2026இல் ஏப்ரல் 12, ஜெர்மன் ஈஸ்டருக்கு ஒரு வாரம் பின்னால். 2027இல் மே 2; ஜெர்மன் ஈஸ்டர் மார்ச் 28லேயே முடிந்துவிடும். ஆனால் ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானிய வம்சாவளியினர் பலர் லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபையினர், அவர்களுக்கு இங்கத்தியத் தேதிதான். அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

நோன்பு பிடிப்பவர் என்றால் அதற்கு முந்தைய ஏழு வாரமும் பால், முட்டை, வெண்ணெய் எதையும் தொடமாட்டார். ருசி பார்க்கச் சொல்லி முன்கூட்டியே தட்டை நீட்டாதீர்கள்.

அடுப்படி

கேட்டேன். ஊர் வடக்கே வோலக்தா, நோன்பும் உண்டு. அப்படியானால் த்வோரொக் பாஸ்காதான். பாஸ்காவை நிரப்பி வடிக்கும் மர அச்சு எங்களிடம் இல்லை.

உறைமோர்

பூச்சு இல்லாத புது மண் பூந்தொட்டி போதும், அடியில் துளை இருக்க வேண்டும். கழுவிக் கொதிநீர் ஊற்றி எடுங்கள். ஈரமான மல் துணியை இரட்டையாக விரித்து, சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் அப்படியே பாஸ்காவின் மேல் வரியாக விழும். நிரப்பி, துணியை மூடி, ஒரு தட்டும் அதன் மேல் ஒரு கிலோ பாரமும் வைத்து 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். தொட்டியை ஒரு கிண்ணத்தின் மேல் தூக்கி வைக்க வேண்டும். வடிந்த நீரில் அடி மூழ்கினால் மறுபடி ஈரம் ஏறிவிடும்.

வழக்கம்போல ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை கலந்து வைத்தால் சனிக்கிழமை தயார். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

வடக்குவாசல்

மர அச்சில் ХВ என்ற இரண்டு எழுத்துகள் செதுக்கியிருக்கும். 'கிறிஸ்து உயிர்த்தார்' என்பதன் முதலெழுத்துகள். தொட்டியில் அவை வராது என்பதால், கவிழ்த்த பிறகு பக்கவாட்டில் உலர்திராட்சையை அழுத்தி எழுதிவிடுங்கள். பார்வைக்கு ஆங்கில எக்ஸ், பி மாதிரியேதான். தட்டை வைக்கும்போது "ஹ்ரிஸ்தோஸ் வஸ்க்ரேஸே" என்று சொல்லுங்கள். "வோயிஸ்தினு வஸ்க்ரேஸே" என்று பதில் சொல்வார்.

குலிச்சும் வாங்குவதாக இருந்தால் கேக் மாதிரி நெட்டுக்கு வெட்டாதீர்கள். குறுக்கே வட்டமாக வெட்டி, அந்தத் துண்டில் பாஸ்காவைத் தடவிக் கொடுங்கள். முதலில் வெட்டிய மேல்தொப்பியை எறியாமல் மிச்ச ரொட்டியின் மேல் மூடிபோல வைத்துவிட்டால் காயாமல் இருக்கும்.