சார்ஜ் லைட் அணைகிறது, ஆனால் பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறது

அலைமேல்:
வணக்கம். படகில் இருப்பது மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், 12 வோல்ட், ஒரே பேட்டரி. இந்த சீசன் தொடங்கியதிலிருந்து ஒரே தொல்லை. மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினாலும் மறுநாள் காலையில் செல்ஃப் முக்கி முனகித்தான் சுற்றுகிறது. பேட்டரி செத்துவிட்டது என்று புதிதாக மாற்றினேன், இரண்டே வாரத்தில் அதுவும் அதே கதை. பேட்டரியை ஏற்றும் கரண்டைத் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரைக் கழற்றி ஒரு கடையில் காட்டினேன், பெஞ்சில் நன்றாக ஓடுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சாவி போட்டால் சார்ஜ் லைட் எரிகிறது, இன்ஜின் பிடித்ததும் அணைகிறது, அப்படியென்றால் சார்ஜ் ஆகிறது என்றுதானே அர்த்தம்? பெல்ட் புதுசு. ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.7தான் காட்டுகிறது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றிப் பார்க்கலாமா?

நங்கூரம்:
இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜின் நின்றால் ஆல்டர்னேட்டர் போச்சு. எங்கள் ஆட்கள் எல்லாம் இப்படித்தான் பார்ப்பார்கள்.

பில்ஜ்வாசி:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பேட்டரி சட்டென்று விலகினால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் ஒரே நொடியில் போய்விடும், நல்ல ஆல்டர்னேட்டரை நீங்களே கொன்றதாக ஆகும். ஓடும்போது மெயின் சுவிட்சை அணைப்பதும் இதே கதைதான். தவிர, மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் இன்ஜின் கரண்ட் இல்லாமலே ஓடும், அது நிற்காததை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

அலைமேல், அந்த லைட்டை நம்பாதீர்கள். ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் உண்டாகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. 12.7 என்பது முழுதாக ஏறிய பேட்டரி சும்மா கிடக்கும்போதே காட்டும் அளவு. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும்.

இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, விளக்கு, பம்ப் எல்லாவற்றையும் போட்டுவிட்டு (கரண்ட் ஓடினால்தான் வழியில் எவ்வளவு வோல்டேஜ் இழப்பு என்று தெரியும்) முதலில் ஆல்டர்னேட்டரின் பெரிய டெர்மினலுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளங்கள். பிறகு அதே டெர்மினலுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே. கடைசியாக ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே. பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைமேல்:
ஆல்டர்னேட்டரில் 14.2! பாசிட்டிவ் பக்கம் 0.2. நெகட்டிவ் பக்கம் 1.3. மீட்டர் தப்பாகக் காட்டுகிறதோ என்று மூன்று முறை பார்த்தேன்.

பில்ஜ்வாசி:
மீட்டர் சரிதான், 0.2, 1.3 இரண்டையும் கழித்தால் உங்கள் 12.7 வந்துவிடுகிறதே. எல்லோரும் சிவப்பு ஒயரையே தடவிக்கொண்டிருப்போம், போன கரண்ட் திரும்பி வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருப்பதால் தன் வாசலில் 14.2 வந்ததும் போதும் என்று கையைக் கட்டிக்கொள்கிறது. அந்த 1.3ஐ இரண்டாகப் பிரியுங்கள்: ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து இன்ஜின் பிளாக் வரை எவ்வளவு, பிளாக்கிலிருந்து பேட்டரி வரை எவ்வளவு?

அலைமேல்:
பிளாக்கிலிருந்து பேட்டரி 0.1. ஆல்டர்னேட்டரிலிருந்து பிளாக் 1.2.

அப்புறம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சீசனுக்கு முன்னால் இன்ஜினுக்கு நானே பெயின்ட் அடித்தேன், ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டைக் கழற்றி உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் இரண்டு கோட்.

பில்ஜ்வாசி:
கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் ஆல்டர்னேட்டருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, பிராக்கெட்தான் எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி; அதைப் பெயின்ட் மறித்துவிட்டது. பெஞ்சில் கிளிப்பை நேராக உடம்பில் மாட்டியிருப்பார்கள், அதனால்தான் அங்கே குறையே தெரியவில்லை. செல்ஃபின் எர்த் நேராக பிளாக்கில், அதற்கு இதில் சம்பந்தமில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிராக்கெட் உட்காரும் இடத்திலும் போல்ட் தலைக்கு அடியிலும் உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். கூடவே ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பிளாக்கில் பேட்டரி நெகட்டிவ் வந்து சேரும் போல்ட்டுக்கே ஒரு தடித்த ஒயர் இழுத்துவிடுங்கள், ஈயம் பூசிய செம்பு ஒயராக இருந்தால் உப்புக்காற்றில் சீக்கிரம் பச்சை பிடிக்காது.

நங்கூரம்:
நான் ஒயரைக் கழற்றச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் படகில் ஏற்கெனவே இரண்டு ஆல்டர்னேட்டர் போயிருக்கிறது, காரணம் இப்போதுதான் புரிகிறது.

அலைமேல்:
முடித்துவிட்டேன். முதல் போல்ட்டைக் கழற்றியபோதே வாஷருக்கு அடியில் பெயின்ட் வட்டமாக, அப்படியே புதுசு மாதிரி இருந்தது. இப்போது ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.9. அநியாயமாக மாற்றிய பழைய பேட்டரி மூலையில் கிடக்கிறது, அது தேறுமா?

பில்ஜ்வாசி:
அரைகுறை சார்ஜிலேயே கிடந்ததால் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கும், ஆனாலும் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். வெளி சார்ஜரில் முழுதாக ஏற்றி, ஒரு ராத்திரி எதிலும் இணைக்காமல் விட்டு அளங்கள். 12.6 நின்றால் படகில் மாட்டி செல்ஃப் அடித்துப் பாருங்கள், அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் கடையில் மாற்றுக்குக் கொடுத்துவிடலாம்.