ராயக்கோட்டை பாரமகாலில் எப்போது சேர்ந்தது?

தகடூரான்:
சக்கரம் என்ற பெயரில் எழுதும் தம்பி போன வாரம் போட்ட கார்ப் பயணக் குறிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஓசூரில் காலையில் கிளம்பி ராயக்கோட்டை மலை ஏறுவது, இரவு கிருஷ்ணகிரியில் தங்கல், மறுநாள் ஜெகதேவி, மகாராஜகடை, அப்புறம் தர்மபுரி, பாலக்கோடு வழியாக மறுபடி ஓசூர். ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் ஆந்திரம், இரண்டு எல்லையையும் உரசிக்கொண்டு போகிற வழி. வழியில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பாரமகாலின் பன்னிரண்டு கோட்டைகளில் தலைமையானது ராயக்கோட்டை." படித்ததும் சோறு இறங்கவில்லை. பாரமகால் என்றால் பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட, கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பழைய சீமை. அந்தக் கோட்டைகளுக்கு வழக்கமாகச் சொல்லும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம், மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று போகும். அதில் ராயக்கோட்டை கிடையாது. அது மேட்டுச் சீமை, பாலாகாட், ஓசூரோடும் தேன்கனிக்கோட்டையோடும் சேர்ந்தது. பட்டியலிலேயே இல்லாத ஊரைத் தலைமை என்று எழுத எப்படி மனசு வந்தது?

ராயக்கோட்டைக்காரன்:
வந்துவிட்டார் தர்மபுரி வாத்தியார். ஐயா, 1791 ஜூலையில், திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் படை எங்கே வந்து நின்றது? மேஜர் கௌடி எந்தக் கோட்டையை அடித்தார்? ராயக்கோட்டை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு பாரமகாலை விட்டுக்கொடுத்தபோது ராயக்கோட்டையும் சேர்ந்தேதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. ஓசூர் போகவில்லை, தேன்கனிக்கோட்டை போகவில்லை, அவை 1799 வரை மைசூரிடம் இருந்தன. அப்புறம் எப்படி நாங்கள் ஓசூரோடு சேர்ந்தவர்கள்? 1792க்குப் பதில் சொல்லுங்கள்.

தகடூரான்:
ஒரே ஒப்பந்தத்தில் கைமாறினால் ஒரே சீமை ஆகிவிடுமா? அதே 1792 ஒப்பந்தத்தில் திண்டுக்கல்லும் போனது, மலபாரும் போனது. திண்டுக்கல்லும் பாரமகால் என்று சொல்லிவிடலாமா? பூட்டுக் கடைக்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். கணவாயின் தலையில் இருக்கிற கோட்டை, மைசூர்ப் படை இறங்கிவராமல் தடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் அதைக் கையில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இல்லை.

சக்கரம்:
அண்ணா, நான்தான் அந்தக் குறிப்பை எழுதியவன். நம் பக்கம் விடுமுறை என்றால் எல்லோரும் ஒகேனக்கல் போய் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். வழியில் இத்தனை கோட்டை, நடுகல், பழங்கால ஈமச்சின்னமான கற்திட்டை இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்காகத்தான் எழுதினேன். ராயக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற கோட்டை, ஏறிப் பார்த்தவர்களுக்கு அதன் பெருமை தெரியும். தலைமை என்றுதான் எழுதினேன், அதில் என்ன குற்றம் என்று எனக்குப் புரியவில்லை. கார் நிறுத்துவது, எண்ணெய் போடுவது, எந்தச் சாலை குண்டும் குழியும் என்று ஏதாவது கேளுங்கள், சொல்கிறேன்.

தகடூரான்:
கார் நிறுத்துவதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. பட்டியலில் ராயக்கோட்டை இருக்கிறதா இல்லையா?

பழையபேட்டை:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நடுவில் நான் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ராயக்கோட்டையில் கீழ்க்கோட்டையை அடித்துப் பிடித்ததும் மேல்கோட்டை சரணடைந்துவிட்டது. அதே 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல் பென்னாகரத்தைப் பிடித்துவிட்டு எங்கள் கிருஷ்ணகிரி மலைக்கு வந்தார். மலையடியில் இருக்கும் பேட்டையைத்தான் பிடிக்க முடிந்தது. மலைமேல் ஏற முடியவில்லை, கல்லை உருட்டித் தள்ளித் துரத்திவிட்டார்கள். எங்கள் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையை ஒரு தடவை ஏறிப் பாருங்கள், பாறையில் வெட்டிய படி செங்குத்தாகப் போகிறது, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் கீழே பேட்டை வீட்டு மாடியில் காயப்போட்ட மிளகாய்கூடத் தெரியும். அங்கே ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏற வந்தவன் கதி என்ன ஆகும்? தலைமை என்றால் எது தலைமை என்று நீங்களே சொல்லுங்கள்.

ராயக்கோட்டைக்காரன்:
ஆமாம், உங்கள் ஊர் மலையில் ஏற முடியாமல் போனதும் எங்கள் கோட்டை மட்டமாகிவிட்டது. உங்கள் கோட்டையும் அதே 1792இல்தான் ஒப்பந்தத்தில் போனது பழையபேட்டை அண்ணா. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, அது மட்டும் வீரமா? எங்கள் பிரச்சினைக்கு வாருங்கள். 1792.

பாலக்கோட்டு மருமகள்:
கோட்டை கோட்டை என்றே பேசுகிறீர்கள் அண்ணா. இந்த வழியில் அதியமான்கோட்டையைத் தாண்டித்தான் போகிறீர்கள், அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கூரையில் இருக்கும் ஓவியத்தைப் பற்றி சக்கரம் தம்பியும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. ராமாயணம், பாரதம் எல்லாம் வரைந்திருக்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பிடிபடும். காலபைரவரைக் கும்பிட வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் இந்தக் கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தர்மபுரி ஊருக்குள் வந்தால் கோட்டைக் கோயிலில் தொங்கும் தூண், காமாட்சியம்மன் கோயில் அடித்தளம் இருக்கின்றன. குடும்பத்தோடு காரில் வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறுவார்களா?

தகடூரான்:
நன்றாகச் சொன்னாயம்மா. தர்மபுரியைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிட்டார் இந்தத் தம்பி, போகிற போக்கில் டீ குடிக்கிற ஊர் மாதிரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இது. நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று புறநானூறு 91ஆம் பாட்டு சொல்கிறது. 1792இல் கம்பெனி அதிகாரி ரீடு கலெக்டராக வந்து நிலத்தை அளந்து, உழவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையைத் தொடங்கியது இந்தச் சீமையில்தான், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் குடியிருந்தார். பின்னால் சென்னை கவர்னர் ஆனவர் தொழில் கற்றுக்கொண்ட ஊர் இது. இவ்வளவு இருக்கிற ஊருக்கு ஒரு வரி, பட்டியலில் இல்லாத ஊருக்கு ஒரு பத்தி.

ராயக்கோட்டைக்காரன்:
இப்போது புரிந்தது. கோபம் பட்டியல் மேல் இல்லை, உங்கள் ஊருக்கு ஒரு வரிதான் கிடைத்தது என்பதுதான். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ரீடு, ரயத்துவாரி என்று நீங்களே இழுத்தீர்கள், அந்த ரீடு எந்த ஒப்பந்தத்தால் வந்தார்? 1792. அந்த ஒப்பந்தத்தில் எந்தக் கோட்டை இருந்தது? வாயைத் திறந்து சொல்லுங்கள்.

தகடூரான்:
எனக்கு ஊர்ப்பாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. பழைய சேலம் ஜில்லாவை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். ஓசூர்ப் பக்கம் பாலாகாட், நடுவில் பாரமகால், சேலம் நாமக்கல் பக்கம் தலகாட். காரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்குப் போ. வண்டி ஏறுகிறதா இறங்குகிறதா? ஏறுகிறது. காற்று மாறுகிறது, காது அடைக்கிறது. மேட்டுக்குப் போய்விட்டாய். பாரமகால் கீழே இருக்கிறது. இதற்குப் பட்டியல்கூட வேண்டாம், கியர் மாற்றுகிற கைக்கே தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பட்டியலிலும் இல்லை.

ராயக்கோட்டைக்காரன்:
கணவாயின் தலையில் இருப்பது வாசற்கதவு. வாசற்கதவு வீட்டோடு சேர்ந்ததா, தெருவோடு சேர்ந்ததா? தெருவில் நிற்பவன் சொல்வான் தெருவோடு என்று. வீட்டில் இருப்பவனுக்குத் தெரியும். 1792இல் வீட்டை வாங்கினவன் கதவையும் சேர்த்து வாங்கினான்.

ஓசூர் டிரைவர்:
நான் இந்தப் பக்கம் தினம் வண்டி ஓட்டுகிறவன், எனக்குப் பாரமகால் எல்லாம் தெரியாது. சக்கரம் தம்பி, குறிப்பில் இரண்டு இடம் சரியில்லை. ராயக்கோட்டைக்குக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் தக்காளி மண்டிக்கு வருகிற லோடு ஆட்டோவும் டெம்போவும் சாலையை அடைத்து நிற்கும், கூடை கூடையாக இறக்கி முடிக்கிறவரை காரை ஓர் அடி நகர்த்த முடியாது. விடிவதற்கு முன்பே வந்து மலை ஏறிவிட வேண்டும், வெயிலுக்கும் அதுதான் நல்லது. இன்னொன்று, ஒகேனக்கல்லிலிருந்து நாட்றாம்பாளையம், அஞ்செட்டி வழியாக ஓசூருக்கு மாலையில் திரும்பலாம் என்று கீழே ஒருவருக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். அது காடு, 2014இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்த காடு. வளைவில் யானை நிற்கும். இருட்டின பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்த வழியில் வரச் சொல்லாதீர்கள்.

சக்கரம்:
அஞ்செட்டி வழியைப் பகலில்தான் சொன்னேன் அண்ணா, மாலை என்றால் நான்கு மணிக்கு முன்னால்.

ஓசூர் டிரைவர்:
நான்கு மணிக்கு ஒகேனக்கல்லில் கிளம்பினால் அஞ்செட்டி தாண்டும்போது மணி என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தீர்களா? வழியில் ஒரு டயர் போனால் என்ன செய்வது? போன் சிக்னல்கூட எல்லா இடத்திலும் வராது.

பழையபேட்டை:
டிரைவர் அண்ணா சொல்வது சரி. ஆனால் ஓசூர்க்காரர்கள் எல்லாம் எங்கள் ஊரைத் தாண்டும்போது மேம்பாலத்திலேயே போய்விடுகிறீர்கள், ஊருக்குள் ஒரு பழரசம்கூடக் குடிப்பதில்லை. மாங்காய்க் காலத்தில் மண்டிக்கு வாருங்கள், எது கிருஷ்ணகிரி என்று தெரியும்.

தகடூரான்:
மாங்காய் கிருஷ்ணகிரிக்கு மட்டும் சொந்தமா? காரிமங்கலம் தோப்பெல்லாம் யாருடையது? 2004 பிப்ரவரியில் ஜில்லாவைப் பிரித்தபோதே அணை உங்களுக்கு, ஓசூர்த் தொழிற்சாலை உங்களுக்கு, எல்லை உங்களுக்கு என்று வாங்கிக்கொண்டு போனீர்கள். மிச்சம் இருந்தது அதியமானும் ஒகேனக்கல்லும். இப்போது மாங்காயையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையபேட்டை:
1965இல் சேலத்திலிருந்து நீங்கள் பிரிந்து வந்தபோது சேலத்துக்காரன் இப்படி அழுதானா?

பாலக்கோட்டு மருமகள்:
எங்கள் பாலக்கோட்டை யாரும் கேட்கவே மாட்டீர்கள் போல.

சக்கரம்:
மல்லசந்திரம் பற்றி யாராவது பேசுங்கள், குறிப்பில் அதைத்தான் பெரிதாக எழுதினேன். பாறைமேல் பலகைக் கல்லை நிறுத்தி வைத்து, ஒரு பக்கம் வட்டமாகத் துளை போட்டு, மேலே ஒரே கல்லால் மூடிய கற்திட்டைகள். ஊரில் பாண்டவர் வீடு என்கிறார்கள். ஒன்றின் நிழலில் ஆட்டுக்குட்டிகளைக் கட்டியிருந்தார்கள், இன்னொன்றின் மூடுகல் சரிந்து கிடந்தது. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அதைவிடவா இந்தப் பன்னிரண்டு கோட்டை முக்கியம்?

தகடூரான்:
மயிலாடும்பாறை முக்கியம், யார் இல்லை என்றது? அதை நீ சரியாக எழுதினாய், நான் வாய் திறக்கவில்லை. தப்பாக எழுதியதற்குத்தான் வந்தேன். பேச்சை மாற்றாதே. தலைநகராக இருந்த பெனுகொண்டாவைக் காத்துக்கொடுத்ததற்காக ஜெகதேவராயருக்கு விஜயநகர அரசர் கொடுத்த சீமை பாரமகால். அவர் பெயரிலேயே ஜெகதேவி என்று ஊர் இருக்கிறது, பர்கூருக்குப் பக்கத்தில், கோட்டை மதிலில் முள் மண்டிக் கிடக்கிறது. தலைமை என்று ஒரு கோட்டையைச் சொல்ல ஆசைப்பட்டால் அதைச் சொல். இல்லை, மேக்ஸ்வெல் தோற்ற கிருஷ்ணகிரியைச் சொல், பழையபேட்டைக்காரர் வாயைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். ஆங்கிலேயன் தன் படைக்குச் சாமான் கொண்டுபோக வசதி என்று பிடித்த மேட்டுக் கோட்டையைக் கொண்டுவந்து எங்கள் சீமைக்குத் தலைமை என்று வைக்காதே.

ராயக்கோட்டைக்காரன்:
"எங்கள் சீமை." பாருங்கள், எழுதுகிறபோதே வந்துவிட்டது. நாங்கள் யாருடைய சீமை அப்போது? ஓசூர்க்காரன் எங்களைக் கிருஷ்ணகிரிப் பக்கம் என்கிறான், கிருஷ்ணகிரிக்காரன் ஓசூர்ப் பக்கம் என்கிறான், தர்மபுரிக்காரர் பட்டியலிலேயே இல்லை என்கிறார். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அந்த மலையைப் பார்த்து நேரம் சொன்ன ஊர் ஐயா இது. சந்தை நாளில் மேட்டு ஊர்க்காரனும் பள்ளத்து ஊர்க்காரனும் இங்கேதான் சந்திக்கிறான், தக்காளி இங்கேதான் விலை ஆகிறது. சேலத்திலிருந்து பெங்களூர் போகிற ரயில் தர்மபுரியையும் எங்களையும் ஒரே தண்டவாளத்தில்தான் கோத்துக்கொண்டு போகிறது. எங்களைப் பட்டியலில் சேர்க்க உங்கள் கையெழுத்து வேண்டாம். 1792இலேயே கையெழுத்து ஆகிவிட்டது.

ஓசூர் டிரைவர்:
நாங்கள் எப்போது உங்களைக் கிருஷ்ணகிரிப் பக்கம் என்றோம்? சும்மா இழுக்காதீர்கள்.

ராயக்கோட்டைக்காரன்:
பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று கேளுங்கள், தெரியும்.

பாலக்கோட்டு மருமகள்:
சக்கரம் தம்பி, அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு 844 நெடுஞ்சாலை இருக்கிறது. அதிலேயே திரும்பச் சொல்லுங்கள், தொப்பூர்க் கணவாயில் லாரிக்கு நடுவில் மாட்ட வேண்டாம்.

தகடூரான்:
தர்மபுரியிலிருந்து ஓசூர் போகிறவன் தொப்பூருக்கு ஏனம்மா போகிறான்? தொப்பூர் சேலம் பக்கம்.

பாலக்கோட்டு மருமகள்:
சேலத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சொன்னேன் அண்ணா. எல்லோரும் ஓசூரிலிருந்துதான் கிளம்ப வேண்டுமா?

சக்கரம்:
சரி, எல்லோருக்கும் ஒரே பதில். ராயக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், இரண்டுக்கும் காவல் அது ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் எழுதினேன். அந்த வரியை எடுக்கமாட்டேன்.

தகடூரான்:
நீயே சொல்லிவிட்டாய், இரண்டுக்கும் நடுவில் என்று. நடுவில் இருப்பது எப்படிப் பாரமகாலுக்குத் தலைமை ஆகும்? நாளைக்குப் பன்னிரண்டு பெயரையும் வரிசையாகத் தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். நீ அந்த வரியை எடுக்கிறவரை உன் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே வந்து போடுவேன்.

ராயக்கோட்டைக்காரன்:
போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான் 1792 என்று போடுகிறேன்.

பழையபேட்டை:
வரிசையில் முதல் பெயர் கிருஷ்ணகிரிதானே அண்ணா? அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தகடூரான்:
வரிசை எதுவாக இருந்தால் என்ன, ராயக்கோட்டை அதில் இல்லை.