மிச்ச கரண்ட் பக்கத்து வீட்டுக்குப் போகிறதா இல்லையா?

பழைய லைன்மேன்:
இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வேறொரு இழையில் மாடிவெயில் எழுதியது இது: "பகலில் மிஞ்சுகிற கரண்டை கிரிட்டில் போட்டு வைக்கிறேன், ராத்திரி திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிரிட்தான் என் பேட்டரி." அதை ஆளாளுக்குப் பாராட்டி வேறு எழுதியிருக்கிறார்கள். கிரிட்டில் எதையும் போட்டு வைக்க முடியாது. அது மின் நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கிற கம்பி. 22 வருடம் அந்தக் கம்பியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். மதியம் 12 மணிக்கு நீங்கள் வெளியே தள்ளும் கரண்ட் அந்த நொடியே பக்கத்து வீட்டில் செலவாகிவிடுகிறது. ராத்திரி உங்களுக்கு வருவது ஏதோ ஒரு அனல்மின் நிலையத்திலோ அணையிலோ அப்போதுதான் உண்டாகிற கரண்ட். மீட்டரில் இருப்பது வெறும் கணக்கு. அதைப் பேட்டரி என்று புதிதாகப் பேனல் போடுகிறவர்களிடம் சொல்லாதீர்கள்.

மாடிவெயில்:
அண்ணா, பேட்டரி என்று பேச்சுக்குச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு தனி இழை திறக்க வேண்டுமா? ஆனாலும் ஒன்று, பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் எங்கோ தொலைவில் உற்பத்தியாகி, வழியெல்லாம் வீணாகி வரவேண்டிய கரண்ட் என் மாடியிலிருந்து நாலு கம்பம் தாண்டாமல் கிடைக்கிறது. அப்புறம் நான் வெளியே கொடுத்த யூனிட்டை நான் எடுத்த யூனிட்டிலிருந்து யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொடு என்று கேட்பதில் என்ன தப்பு? 5 கிலோவாட் போட்டிருக்கிறேன், என் சொந்தக் காசு. யாரிடமும் கை நீட்டவில்லை.

கணக்குப்புலி:
இரண்டு பேரும் தப்பு. பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்பதே பிழையான பேச்சு. ஏசி கரண்டில் எலக்ட்ரான் நொடிக்கு 50 தடவையோ 60 தடவையோ முன்னும் பின்னும் அசைகிறது, அவ்வளவுதான். எந்த எலக்ட்ரானும் உங்கள் மாடியை விட்டுக் கிளம்பி யார் வீட்டுக்கும் போவதில்லை. எந்த வீட்டுக்குப் போனது என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை.

பழைய லைன்மேன்:
எலக்ட்ரான் போகிறது என்று நான் எங்கே எழுதினேன், காட்டுங்கள். ஆற்றல் போகிறது என்றுதான் சொல்கிறேன். ஒரு தெருவில் பத்து வீடு, ஒரே டிரான்ஸ்பார்மர். பத்தில் ஒரு வீடு வெளியே தள்ளினால் டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவுக்கு வரும் கரண்ட் அந்த அளவுக்குக் குறைகிறது. கம்பியைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டு இதே கண்ணால் பார்த்திருக்கிறேன். குறைந்த பங்கை யார் கொடுத்தது? அந்த மாடி கொடுத்தது. யார் எடுத்தது? பக்கத்து வீடு. இதில் என்ன பிழை?

கணக்குப்புலி:
குறைந்தது என்பது சரி. பக்கத்து வீடு என்பது உங்கள் கற்பனை. குளத்தில் ஒரு குடம் ஊற்றினால் அந்தத் தண்ணீரை எந்த மாடு குடித்தது என்று சொல்வீர்களா?

பழைய லைன்மேன்:
கம்பி குளம் இல்லை. குளத்தில் தண்ணீர் நிற்கும், கம்பியில் எதுவும் நிற்காது. முதல் பதிவிலேயே இதைத்தான் எழுதினேன், படிக்காமல் வந்து பாடம் எடுக்கிறீர்கள். போன தடவை எர்த் கம்பி விஷயத்திலும் இப்படித்தான் கடைசி வரை நின்றீர்கள்.

கணக்குப்புலி:
எர்த் கம்பி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அந்த இழை இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

சொல்வேட்டை:
ஒரு வேண்டுகோள். கிரிட், கிரிட் என்று ஆளுக்குப் பத்து தடவை எழுதிவிட்டீர்கள். மின்தொகுப்பு என்ற நல்ல சொல் இருக்கிறதே, அதை எழுதினால் கை வலிக்குமா?

மாடிவெயில்:
தொகுப்பு என்றால் சேர்த்து வைப்பது. நீங்கள் சொல்லும் சொல்லே என் பக்கம்தான் பேசுகிறது, பாருங்கள்.

சொல்வேட்டை:
தொகுத்தல் என்றால் பலவற்றை ஒன்றாக இணைப்பது, சேமித்து வைப்பது அல்ல. தெரியாவிட்டால் கேளுங்கள், வளைக்காதீர்கள்.

மாடிவெயில்:
சரி, விஷயத்துக்கு வருவோம். பக்கத்து வீடே எடுத்துக்கொள்கிறது என்றால் வெயில் உச்சியில் இருக்கும்போது பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் என் இன்வெர்ட்டர் ஏன் நின்று நின்று ஓடுகிறது? தினமும் 12 மணியிலிருந்து 2 மணி வரை இதே கதை. பேனல் போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் லைன் சரியில்லை என்கிறார், லைன்காரரைக் கேட்டால் இன்வெர்ட்டர் சரியில்லை என்கிறார். நாலு மாதமாக இருவருக்கும் நடுவில் அலைகிறேன். இதற்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் பேட்டரி என்று எழுதியதைப் பற்றிப் பேசலாம்.

பழைய லைன்மேன்:
இதைக் கேட்டீர்களே, இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கரண்ட் உங்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு ஓட வேண்டுமானால் உங்கள் பக்கத்து வோல்டேஜ் தெருவைவிட ஏறியிருக்க வேண்டும். 5 கிலோவாட் என்றால் சுமார் 22 ஆம்பியர். கம்பத்திலிருந்து உங்கள் வீடு வரையிலான கம்பியின் தடை போக வர சேர்த்து அரை ஓம் என்று வையுங்கள், 11 வோல்ட் ஏறும். மதியம் ஆள் இல்லாத தெருவில் லைன் ஏற்கெனவே 243 இருந்தால் உங்கள் இன்வெர்ட்டர் பார்ப்பது 254. பல நாடுகளில் 230 வோல்ட்டுக்கு மேலே 10 சதவீதம், அதாவது 253தான் எல்லை. அதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும். அது பழுது இல்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்த வேலை. வீட்டுக்கு வரும் கம்பியைத் தடிமனாக மாற்றுங்கள், தெருவுக்கு வரும் வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் டேப்பை மாற்றி வைக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் மதியம் மோட்டாரை ஓட்டுங்கள், துணி துவைக்கும் மெஷினைப் போடுங்கள். வெளியே தள்ளுவதைவிட வீட்டுக்குள்ளேயே செலவழிப்பதுதான் எப்போதும் முதல் வழி. இத்தனை வருடம் பேனல் பற்றி எழுதுகிறீர்கள், இதை ஒரு தடவைகூட எழுதவில்லையே.

கணக்குப்புலி:
ஆக, பக்கத்து வீடு எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் இல்லாத தெரு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் மிச்சம் டிரான்ஸ்பார்மர் வழியாக மேல் லைனுக்கு ஏறுகிறது. முதல் பதிவைத் திருத்துங்கள்.

பழைய லைன்மேன்:
தெருவில் எடுக்க ஆள் இருந்தால் பக்கத்து வீடு. இல்லாவிட்டால் அடுத்த தெரு. எங்கேயோ ஒருவர் அந்த நொடியே செலவழிக்கிறார். திருத்த ஒன்றும் இல்லை.

கணக்குப்புலி:
அடுத்த தெரு பக்கத்து வீடு ஆகாது.

இரவுப்பறவை:
மூன்று பேரும் பக்கத்து வீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். யூனிட்டுக்கு யூனிட் கேட்பவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மதியம் எல்லா மாடியிலும் மிஞ்சுகிறது, அந்த நேரத்து யூனிட்டுக்கு மதிப்பு குறைவு. சூரியன் இறங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கும் ஏசியும் போடுகிறார்கள், அந்த யூனிட்தான் விலை கூடியது. கலிபோர்னியாவில் கிரிட்டை நடத்துகிறவர்கள் மற்ற மின் நிலையங்கள் கொடுக்க வேண்டிய கரண்ட் மதியம் சரிந்து சாயங்காலம் ஏறுவதை 2013லேயே வரைந்து காட்டினார்கள், படம் வாத்து மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஹவாயில் 2015லேயே யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் பழைய நெட் மீட்டர் திட்டத்தைப் புதியவர்களுக்கு மூடினார்கள். கலிபோர்னியாவில் ஏப்ரல் 2023க்கு அப்புறம் விண்ணப்பித்தவர்களுக்கு யூனிட்டுக்கு யூனிட் கிடையாது, அனுப்பிய நேரத்தின் மதிப்புதான். என்னைப் போல் வாடகை வீட்டில், மாடி இல்லாமல் இருப்பவர்கள் கம்பிக்கும் கம்பத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுகிறோம். நீங்கள் பில்லை பூஜ்யமாக்கிவிட்டு ராத்திரி முழுக்க அதே கம்பியைப் பயன்படுத்துகிறீர்கள். இது உறுத்தவே இல்லையா?

மாடிவெயில்:
உறுத்தவில்லை. ஜெர்மனியில் வீட்டுக்காரர்களின் கரண்டை வாங்கியே ஆக வேண்டும் என்று 1991லேயே சட்டம் வந்தது, 2000இல் அதை விரித்து 20 வருடத்துக்கு விலை உறுதி கொடுத்தார்கள். அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் துணிந்து பேனல் போட்டதால்தான் இன்று பேனல் விலை இறங்கியிருக்கிறது. முதலில் போட்டவனைத் திருடன் மாதிரி பேசாதீர்கள். அப்புறம் என் கரண்டை என் பக்கத்து வீட்டுக்காரர் முழு விலைக்கு வாங்குகிறாரே, நடுவில் இருப்பவனுக்கு அதில் கிடைப்பது உங்களுக்கு உறுத்தவில்லையா?

கணக்குப்புலி:
பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் கரண்டை வாங்கவில்லை என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

பழைய லைன்மேன்:
ஜெர்மனிக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். கிரிட்டின் துடிப்பு நொடிக்கு 50, அதாவது 50 ஹெர்ட்ஸ்; கரண்ட் மிஞ்சினால் அது ஏறும். அங்கே பழைய இன்வெர்ட்டர்கள் எல்லாம் 50.2 ஹெர்ட்ஸ் வந்ததும் ஒரே நேரத்தில் துண்டித்துக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். மாடிகள் பெருகியதும், அத்தனையும் ஒரே நொடியில் நின்றால் மொத்த கிரிட்டும் ஆட்டம் காணும் என்று பயம் வந்து, 2012 முதல் லட்சக்கணக்கான இடங்களில் அமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. பேட்டரி என்றால் இந்தத் தொல்லை இருக்குமா? ஒவ்வொரு நொடியும் வருவதும் போவதும் சமமாக இருந்தால்தான் கிரிட் நிற்கும். அதனால்தான் பேட்டரி என்ற சொல் எனக்கு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. போன வருடம் ஒருவர் கரண்ட் போனால் பேனலும் நின்றுவிடுகிறதே என்று கேட்டபோது, கம்பியை மாற்றிப் போட்டால் ஓட வைக்கலாம் என்று எழுதியது நீங்கள்தானே மாடிவெயில்? லைன் செத்த இரண்டு நொடிக்குள் இன்வெர்ட்டர் நிற்க வேண்டும் என்ற விதி எதற்கு என்று நினைத்தீர்கள்? என்னோடு வேலை செய்த ஒருவர், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறினார். எவரோ வீட்டு ஜெனரேட்டரை, லைனிலிருந்து வீட்டைப் பிரிக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் நேராக இணைத்து ஓட்டியிருக்கிறார். வீட்டுப் பக்கம் 230 என்றாலும் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னால் ஏறினால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட். அவருடைய வலது கை இன்றைக்கும் மடங்காது. அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்க்கவில்லை.

மாடிவெயில்:
நான் எழுதியது கிரிட்டைத் தனியாகப் பிரித்துவிட்டு, பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைப் பற்றி. பிரிக்கும் சுவிட்சையும் குறிப்பிட்டேன். உங்கள் நண்பருக்கு நடந்ததற்கு மனதார வருந்துகிறேன், ஆனால் அதைக் கொண்டுவந்து என் தலையில் கட்டாதீர்கள் அண்ணா.

பழைய லைன்மேன்:
சுவிட்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திருத்திச் சேர்த்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இரவுப்பறவை:
என் கேள்வி அப்படியே இருக்கிறது.

சொல்வேட்டை:
ஹெர்ட்ஸ் வரை வந்துவிட்டீர்கள், மின்தொகுப்பு மட்டும் வாயில் நுழையவில்லை.

மாடிவெயில்:
நாளை மதியம் என் மீட்டரைப் படம் எடுத்துப் போடுகிறேன். எவ்வளவு வெளியே போகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

பழைய லைன்மேன்:
முதலில் அது இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்தானா என்று பாருங்கள். சில மீட்டர்கள் வெளியே போவதையும் உள்ளே வந்ததாகவே கூட்டிவிடும், நீங்கள் கொடுத்த கரண்டுக்கு நீங்களே காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், மீட்டர் படத்தில் பக்கத்து வீடு தெரியாது. அது தெரிய வேண்டுமானால் டிரான்ஸ்பார்மரில் அளக்க வேண்டும். அதற்கு நீங்கள் ஏறாதீர்கள், அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கணக்குப்புலி:
டிரான்ஸ்பார்மரில் அளந்தாலும் எந்த வீடு என்று தெரியாது.