எண்ணெய் நிலையத்தை ஒட்டிய நிலத்தடி நீர்: "படலம் காணப்படவில்லை" என்ற அறிக்கை போதுமா?

சுங்கை பெசி குடியிருப்பாளர்:
வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டியுள்ள எண்ணெய் நிலையத்தில் பழைய நிலத்தடித் தொட்டிகளை மாற்றிய பிறகு மூன்று கண்காணிப்புக் கிணறுகள் அமைத்திருக்கிறார்கள். முதல் அறிக்கையில் மாசு பற்றி "எரிபொருள் படலம் காணப்படவில்லை" என்று மட்டுமே உள்ளது. எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் இன்றும் கிணற்று நீரைச் செடிகளுக்கு இறைக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் எதைக் கேட்டுப் பெற வேண்டும்?

மண் ஆய்வாளர்:
ஐயா, அந்த ஒற்றை வரியை ஏற்றுக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் நீரைவிட இலேசானது என்பதால் நீர்மட்டத்தின்மேல் மிதக்கும். ஆனால் அதிலுள்ள பென்சீன் நீரில் கரைந்து, படலமே இல்லாத இடத்துக்கும் நிலத்தடி ஓட்டத்தோடு சென்றுவிடும். குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைக் கண்ணாலும் மூக்காலும் அறிய முடியாது. ஆகவே பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவற்றின் அளவுகளையும், டீசல் தொட்டியும் இருந்திருந்தால் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவையும் எண்களாகவே கேளுங்கள். மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2009இல் மாசடைந்த நிலங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டிகளைக் கடிதத்தில் குறிப்பிடலாம்.

பெரும்பாலோர் கேட்காமல் விடுவது கிணற்றின் அமைப்பு வரைபடத்தை. நீர் புகுவதற்காகத் துளையிட்ட குழாய்ப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அது முழுவதும் மூழ்கியிருந்தால், வெளியே எரிபொருள் மிதந்தாலும் கிணற்றுக்குள் வராது. அப்போது "காணப்படவில்லை" என்பதற்குப் பொருளே இல்லை.

ஆய்வுக்கூட ஊழியர்:
மாதிரி எடுக்கும் முறையையும் கேளுங்கள். பென்சீன் எளிதில் ஆவியாகக்கூடியது என்பதால், நீரை மெதுவாக வெளியேற்றி, அதன் வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் நிலைப்பட்ட பின்னரே 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் சிறிதும் இன்றி நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடம் இந்தச் சோதனைக்கே 'சாம்' (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பாருங்கள்.

சுங்கை பெசி குடியிருப்பாளர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நீர் தெற்கு நோக்கி ஓடுவதாக அறிக்கை கூறுகிறது. எங்கள் வீடுகள் கிழக்கே உள்ளன. அப்படியானால் கவலைப்பட வேண்டியதில்லையா?

மண் ஆய்வாளர்:
மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தைக் கொண்டு திசையைக் கணிப்பது வழக்கமான முறைதான். சீரான வண்டல் மண்ணில் அது பொருந்தும். ஆனால் கோலாலம்பூரின் பல பகுதிகளைப் போலவே உங்கள் பகுதியிலும் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் புகுந்த நீர், கணித்த திசையை விட்டு விலகி ஓடக்கூடும். மேற்பகுதி பழைய ஈய லம்ப (ஈயச் சுரங்க) நிலமாக இருந்தால், மணலும் களிமண்ணும் மாறி மாறிக் கிடந்து கணிப்பை இன்னும் கடினமாக்கும். எனவே கிழக்குப் பக்கம் ஒரு கிணறு கூடுதலாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலும், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பெய்யும் கனமழையில் நீர்மட்டம் உயர்வதால், மழைக்காலத்தில் ஒரு முறையும் வறண்ட மாதத்தில் ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு வீட்டுக் கிணறுகளையும் சோதனையில் சேர்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அவற்றிலிருந்து இறைக்க வேண்டாம். தொடர்ந்து இறைத்தால் மாசு கலந்த நீர் அந்தப் பக்கமாக இழுக்கப்படும்.