பாட்டிலில் செய்த மணல் வடிகட்டி: வடிந்த நீரைக் குடிக்கலாமா?

கேள்வி:
மலையேற்றத்தில் கையிருப்புத் தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஓடை நீரைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்பதால், பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, கரி, மணல், கூழாங்கல் ஆகியவற்றை நிரப்பி ஒரு வடிகட்டி செய்து பார்த்தேன். ஊற்றிய நீரைவிட வடிந்த நீர் கறுப்பாக இருக்கிறது. எங்கே தவறு செய்தேன்? நீர் தெளிந்துவிட்டால் அப்படியே குடிக்கலாமா?

பதில் 1:
கறுப்பு, கரித்தூளால் வருவது. விறகுக் கரியைப் பட்டாணி அளவுக்கு நொறுக்கி, சாம்பலும் தூளும் போகக் கழுவுங்கள். மணலையும் அலசிய நீர் தெளியும்வரை அலசுங்கள். கரியைப் பாட்டில் வாயில் கட்டிய துணியின்மேல் நேராகக் கொட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாட்டிலின் வாயில் பருத்தித் துணியை நாலாக மடித்துக் கட்டி, அதன்மேல் இரண்டு விரற்கடை நுண்மணல், பிறகு கரி, மறுபடியும் நுண்மணல், பருமணல், உச்சியில் கூழாங்கல் என்று அடுக்கினால், கசியும் தூளை அடிமணல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தாரையாக விழாமல் சொட்டுச் சொட்டாக வடிய வேண்டும். முதலில் வடிவதைக் கொட்டிவிடுங்கள்.

பதில் 2:
அப்படியே குடிக்கக் கூடாது. பாக்டீரியாவின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அதைவிடப் பல மடங்கு பெரிது. கிருமிகளைக் குறைக்கும் மணல் வடிகட்டிகள் உண்டுதான். ஆனால் அவற்றின் மேற்பரப்பில் அதற்கான உயிர்ப்படலம் (நுண்ணுயிர்கள் சேர்ந்து உருவாகும் மெல்லிய படலம்) வளர வாரக்கணக்கில் ஆகும், நேற்றுச் செய்த பாட்டிலில் அது இராது. ஆகவே வடித்த நீரைத் தளதளவென்று 1 நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடமும் கொதிக்கவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கொதிக்க வைக்கத்தானே போகிறோம், பிறகு வடிகட்டி எதற்கு? அடுப்பு மூட்ட வழியில்லாவிட்டால் என்ன செய்வது?

பதில் 3:
அப்போதுதான் வடிகட்டியின் அருமை தெரியும். கலங்கல் நீரில் குளோரின் மாத்திரையும் சரியாக வேலை செய்யாது, வெயிலும் ஊடுருவாது. நிறமற்ற, 2 லிட்டருக்கு மிகாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் வடித்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவைத்தால், புற ஊதாக் கதிர் கிருமிகளை அழிக்கும்; பாதி வானம் மேகமாக இருந்தால் தொடர்ந்து 2 நாள் வையுங்கள், மழை நாளில் இம்முறையை நம்பாதீர்கள். நீர் போதிய அளவு தெளிந்ததா என்று அறிய, வெயிலில் வைக்குமுன் நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்பின்மேல் நிறுத்தி, மேலிருந்து அதன் வாய்வழியே பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் இன்னொரு முறை வடியுங்கள். பூச்சிமருந்தோ ஆலைக்கழிவோ கலந்த நீருக்கு இவை எதுவும் உதவாது, வேறு ஓடையைத்தான் தேட வேண்டும்.