ஏபி ரிசர்ச் எடுக்கலாமா? எடுத்த வீடுகளின் கதைகள்

நியூ ஜெர்சி, பத்தாம் வகுப்புப் பையனின் அப்பா:

பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களான ஏபி பாடங்களில், பையனுக்கு ஏபி செமினார் இந்த மே மாதத்தோடு முடிகிறது. பதினொன்றாம் வகுப்பில் அதற்கு அடுத்ததான, ஒரு வருடம் சொந்தமாக ஆய்வு செய்யும் ஏபி ரிசர்ச் எடுப்பதா வேண்டாமா என்று ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. இரண்டிலும் ஐந்துக்கு 3-க்குக் குறையாமல் வாங்கி, வேறு நான்கு ஏபி தேர்வுகளிலும் அப்படியே வாங்கினால் கேப்ஸ்டோன் டிப்ளமா என்ற சான்றிதழ் கிடைக்கும். அந்த விவரமெல்லாம் படித்துவிட்டேன். எனக்கு வேண்டியது, பிள்ளைகள் எடுத்த வீடுகளில் உண்மையில் என்ன நடந்தது என்பதுதான். பாடத்தேர்வுப் படிவத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

டெக்சாஸ், ஓர் அம்மா:

என் மகள் போன வருடம் முடித்தாள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் 'மொழியும் அடையாளமும்' என்று ஒரு தலைப்போடு போய் நின்றாள். ஆசிரியை, "இதில் கேள்வி எங்கே இருக்கிறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆறு வாரம் இப்படியே போனது. கடைசியில், வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் பேசும்போது எந்த இடத்தில் தமிழை விட்டு ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள் என்ற கேள்வியில் வந்து நின்றாள். நல்ல கேள்விதான். ஆனால் மனிதர்களிடம் தகவல் திரட்டுவதென்றால் முதலில் ஐஆர்பி என்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அனுமதி வரும்போது நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையே முடிந்துவிட்டது.

நாற்பது படிவம் கொடுத்தாள், பதினேழு திரும்பி வந்தது. அதிலும் இரண்டு பேர் ஆண்டு விழாப் புகைப்பட அனுமதி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்! அவர்களுக்கு மறுபடி விளக்கிச் சொல்லி வாங்கினாள். ஜனவரி முழுக்க சனிக்கிழமை தோறும் நான்தான் டிரைவர்.

இதற்கு மே மாதத்தில் எழுத்துத் தேர்வு கிடையாது. 4,000 முதல் 5,000 சொற்களில் ஒரு கட்டுரை, அதற்கு 75 சதவீதம். மூன்று பேர் கொண்ட குழுவின் முன் பேசி, அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு 25 சதவீதம். எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஒருவர், "இந்தப் பிள்ளைகள் எல்லாம் உனக்குத் தெரிந்தவர்கள்தானே, உன்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்வார்களா?" என்று கேட்டாராம். அரை நிமிடம் வாயடைத்து நின்றுவிட்டு, "சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததுமே வேண்டுமென்று தமிழுக்கு மாறினார்கள், அதை நான் கட்டுரையில் எழுதாமல் விட்டது தப்பு" என்று சொல்லியிருக்கிறாள்.

ஜூலையில் 3 என்று வந்தது. புதிதாக ஒன்றைச் சொல்ல முயன்றிருக்கிறாள், ஆனால் சான்று அதைத் தாங்கவில்லை என்பதுதான் கட்டுரை மதிப்பீட்டு அளவில் 3-க்கு அர்த்தம். பதினேழு பேரை வைத்துக்கொண்டு சொன்னதற்கு அது நியாயமான மதிப்பெண்தான். இன்று சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. இன்னும் நாற்பது வீடு கிடைத்தால் திரும்பச் செய்வேன் என்கிறாள்.

எங்களுக்கு இது வீண் போகவில்லை. அதற்குக் காரணம் பாடத்திட்டத்தை விட அந்த ஆசிரியை. அதற்கு முந்தைய வருடம் வேறொருவர் நடத்தினார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நண்பர்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு அதையே ஆய்வு என்று எழுதிக் கொடுத்தார்களாம். அதனால் உங்கள் பள்ளியில் யார் நடத்துகிறார், வெளியிலிருந்து ஒரு நிபுணரைத் தேடிப் பிடிக்க அவர் உதவுவாரா என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, மார்ச்சில் எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் வைத்துக்கொண்டோம்.

கலிஃபோர்னியா, ஓர் அப்பா:

எங்கள் கதை நேர் எதிர். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் ஃபிசிக்ஸ் சி என்ற ஏபி இயற்பியலை விட்டுவிட்டு இதை எடுத்தான். 5 வாங்கினான். ஆனால் மதிப்பெண் வருவது ஜூலையில், அதற்குள் கல்லூரி இடமெல்லாம் முடிவாகிவிடும். சேர்ந்த பல்கலைக்கழகத்தில் இதற்குப் பொது எலெக்டிவ் கிரெடிட்தான், அதாவது விருப்பப் பாடக் கணக்கில்தான் கொடுத்தார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. இஞ்சினியரிங் முதல் வருடம் கூடப் படித்தவர்கள் ஏபி மதிப்பெண்ணை வைத்துப் படிக்காமலே தாண்டிப் போன இயற்பியலை இவன் உட்கார்ந்து படித்தான். எடுப்பதானால் பதினொன்றில் எடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இல்லினாய், ஓர் அப்பா:

எங்கள் பள்ளியில் ஏபி ரிசர்ச்சே இல்லை. அதனால் காசு கொடுத்து ஆன்லைனில் ஒரு ஆய்வு வகுப்பில் சேர்த்தேன். பத்து வாரம், சில ஆயிரம் டாலர். தலைப்பைத் தேர்ந்தெடுத்தது வழிகாட்டி, முறையைச் சொன்னது வழிகாட்டி, திருத்தியதும் அவரே. முடிவில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு இதழில் கட்டுரை வந்தது. அப்புறம் பன்னிரண்டாம் வகுப்பில் ரெஜெனெரான் சயின்ஸ் டேலன்ட் சர்ச்சுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். நாடு முழுவதிலிருந்தும் 300 பேரை எடுத்து, அதில் 40 பேரை வாஷிங்டனுக்கு அழைக்கிற போட்டி அது. இந்த வேலையில் நீயாகச் செய்தது என்ன என்று எழுத வேண்டிய இடத்தில் பையன் ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத ஒன்றுமில்லை. விண்ணப்பிக்கவில்லை.

எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற கோடைக்கால ஆய்வுப் பயிற்சி ஆறு வாரம், கட்டணமே கிடையாது என்று பிறகுதான் எனக்குத் தெரியும். அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு, அது வேறு விஷயம். பள்ளியிலேயே ஒழுங்கான ஆசிரியரோடு இந்தப் பாடம் இருந்தால், நான் தொலைத்த பணத்தை நினைத்தாவது ஒரு தரம் யோசியுங்கள்.

நியூ ஜெர்சி அப்பா மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்று வருடமாக அவர்தான் நடத்துகிறாராம். பிள்ளைகள் முன்பு செய்த தலைப்புகளின் பட்டியலையும் அனுப்பினார். இரவுச் சாப்பாட்டின்போது பையனிடம், "ஒரு வருடம் ஒரே கேள்வியோடு இருக்க வேண்டுமென்றால் எதைக் கேட்பாய்?" என்றேன். பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நாலாவது பீரியட். பேண்டு வாத்திய வகுப்பும் நாலாவது பீரியட்தானே?" என்றான். நாளைக்கு பள்ளியின் பாட ஆலோசகரைப் பார்க்கப் போகிறோம்.