அடுத்து ஆண்கள் கையில் நிற்கப்போவது 36 மி.மீ. வாட்சா, 42 மி.மீ. வாட்சா?

முள்நகர்வு:
நம்மூரில் ஆண் போடுகிற அணிகலன் என்றால் முதலில் வாட்ச்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். என் கணிப்பு இது: இனி வரும் சில வருடங்களுக்கு 34 முதல் 37 மி.மீ. வரை விட்டமுள்ள சின்ன வட்டம்தான் ஓடும். ரோலெக்ஸ் 2010இல் 39 மி.மீ. ஆக்கிய எக்ஸ்ப்ளோரரை 2021இல் மறுபடி 36க்கு இறக்கியது. டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் 2021இல் 40இல் வந்தது, மறுவருடமே 35இலும் வந்தது. டியூடர் 2018இல் 39 மி.மீ. பிளாக் பே 58ஐ விட்டது, 2023இல் 37 மி.மீ. பிளாக் பே 54ஐ விட்டது. மூன்றும் வேறு வேறு விலைத்தட்டு, போகிற திசை மட்டும் ஒன்று.

2000களில் பனராய் 44 மி.மீ.யைக் கிளப்பிவிட்ட பிறகுதான் "ஆம்பளை வாட்ச் பெருசா இருக்கணும்" என்ற எண்ணம் பரவியது. அதற்கு முன்னால் 1932இல் வந்த பாட்டெக் கலத்ராவா ஏறக்குறைய 31 மி.மீ. நம் வீடுகளில் இருந்த எச்எம்டி ஜனதா 35 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். புது மோகம் என்று இதைச் சொல்ல முடியாது, பழைய அளவு திரும்பி வருகிறது.

நாற்பத்திரண்டு:
சகோ, பாதியைத்தான் சொல்லியிருக்கீங்க. அதே எக்ஸ்ப்ளோரர் 2023இல் 40 மி.மீ.யிலும் வந்துவிட்டது. 36ஐ நிறுத்தாமல் 40ஐயும் சேர்த்தார்கள். பிஆர்எக்ஸ் 35 வந்ததால் 40 கடையை விட்டுப் போய்விடவில்லை. ஒரே மாடலை இரண்டு மூன்று அளவில் விற்கிறார்கள், நடப்பது அதுதான். கேசியோ ஜிஏ-2100 வந்தது 2019இல். அகலம் 45.4 மி.மீ., எடை வெறும் 51 கிராம். காலேஜ் பசங்க கையில் இன்றைக்கும் அது இருக்கிறது.

அடுத்து, நம்ம உடுப்பைப் பாருங்க. 36 மி.மீ.க்குப் பொருத்தமான இடம் முழுக்கைச் சட்டையின் கஃப். பாதி மறைந்து, பாதி எட்டிப் பார்க்கும்போது அது அழகு. நம்மில் பெரும்பாலானவர்கள் போடுவது அரைக்கை. முழங்கைக்குக் கீழே மொத்தமும் வெறும் கை, அதில் தனியாக ஒரு சின்ன வட்டம் எடுபடாது. வெள்ளெழுத்து வந்தவர்களையும் நினைக்க வேண்டும். 45 வயதுக்கு மேல் சின்ன டயலில் தேதி பார்க்கக் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கும்.

மெஷின்காரர்:
ரெண்டு பேரும் விட்டத்தை மட்டுமே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. உள்ளே இருக்கிற மெஷின்தான் வாட்சோட உருவத்தைத் தீர்மானிக்குது.

இப்போ சின்ன கம்பெனிகள் அதிகமா போடுற ஆட்டோமேட்டிக் (கை அசைவுல தானா சாவி ஏறுற) மெஷின் செய்கோவின் என்எச்35. விட்டம் 27.4 மி.மீ., உயரம் 5.32 மி.மீ. அதை 34 மி.மீ. கேஸ்ல, அதாவது வெளிக்கூட்டுல, உட்கார வெச்சா பக்கத்துக்கு 3.3 மி.மீ.தான் மிச்சம். அந்த இடத்துக்குள்ள மெஷினைப் பிடிக்கிற வளையம், ரப்பர் வாஷர் பள்ளம், கேஸ் சுவர் எல்லாம் அடங்கணும். அகலத்தைக் குறைச்சாலும் உயரம் குறையாது. டயல், முள் சுத்துற இடைவெளி, மேல் கண்ணாடி, பின் மூடி எல்லாம் சேர்ந்தா 11 முதல் 13 மி.மீ. வரைக்கும் வந்துடும். 34 அகலத்துக்கு 12.5 உயரம்னா கையில மாத்திரை டப்பா கட்டின மாதிரிதான் இருக்கும். சின்ன வாட்ச் வாங்கி "ஏன் அழகா இல்ல"ன்னு கேக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பிரச்சினை.

நான் வெச்சிருக்கிற கணக்கு: தடிமன், விட்டத்துல 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 36க்கு 10.8 வரை. அதுக்குள்ள வரணும்னா மியோட்டா 9015 மாதிரி 3.9 மி.மீ. ஆட்டோமேட்டிக், இல்ல சாவி கொடுக்கிற மெஷின், இல்ல செல்லுல ஓடுற குவார்ட்ஸ். மெல்லிசுன்னா நம்ம ஓசூர் சரக்கையே சொல்லலாம். டைட்டன் எட்ஜ் 2002இல் வந்தப்ப மெஷின் 1.15 மி.மீ., மொத்த வாட்சே 3.5 மி.மீ. அது செல் போடுற வாட்ச்தான், அதனாலதான் அவ்வளவு மெல்லிசு சாத்தியமாச்சு.

முள்நகர்வு:
தடிமன் விஷயத்தில் அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். வெள்ளெழுத்து வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. 42 மி.மீ. செய்கோ எஸ்கேஎக்ஸ்007க்குள் இருக்கும் டயல் 28.5 மி.மீ.தான். மிச்சத்தை டயலைச் சுற்றியிருக்கும் சுழலும் வளையம் தின்றுவிடுகிறது. வளையமே இல்லாத, விளிம்பு மெலிந்த 36 மி.மீ. வாட்சில் டயல் 31, 32 வரை கிடைக்கும். ஆகவே சின்ன வாட்சில் பெரிய டயலும், பெரிய வாட்சில் சின்ன டயலும் சாத்தியம்.

கண்ணுக்குத் தெரிவதற்கு வேறு மூன்று விஷயங்கள் வேண்டும். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். முள்ளும் டயலும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. வெள்ளி டயலில் வெள்ளி முள் வைத்தால் வெயிலில் ஒன்றுமே தெரியாது. கண்ணாடியின் உட்பக்கம் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத 44 மி.மீ.யை விட மூன்றும் உள்ள 36 தெளிவாகத் தெரியும்.

நாற்பத்திரண்டு:
டயல் கணக்கு சரி. அரைக்கை வாதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. தண்ணீரைப் பற்றியும் யாரும் பேசவில்லை. சின்ன, மெல்லிய வாட்ச்களில் பெரும்பாலானவை 30 மீட்டர் தாங்கும் என்று போட்டிருக்கும். அந்த 30 மீட்டர் ஆடாமல் அசையாமல் வைத்துச் சோதித்த அழுத்தம். மழையில் பைக் ஓட்டுவதும் குழாயடியில் கை கழுவுவதும் வேறு. ஐப்பசி மழையில் 100 மீட்டர் வாட்ச் கட்டியவன் நிம்மதியாகப் போவான்.

தோல்வார்:
30 மீட்டர் எச்சரிக்கை நியாயமானது, அதை அளவோடு முடிச்சுப் போடாதீங்க. மேலே சொன்ன பிளாக் பே 54, 37 மி.மீ.தான், 200 மீட்டர் தாங்கும். பிஆர்எக்ஸ் 35ம் 100 மீட்டர்.

அரைக்கைக்கு நான் பதில் சொல்றேன். கையில் வாட்ச் எப்படி உட்காருதுன்னு முடிவு பண்றது விட்டம் கிடையாது, பட்டை மாட்டுற மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரைக்கும் உள்ள நீளம், அதாவது லக் டு லக். எஸ்கேஎக்ஸ்007 விட்டம் 42 இருந்தாலும் அந்த நீளம் 46 மி.மீ.தான், அதனால் ஒல்லிக் கையிலும் உட்காரும். பிஆர்எக்ஸ் 40 காகிதத்தில் 44.6 மி.மீ., ஆனால் செயினின் முதல் கண்ணி மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதையும் சேர்த்தால் 51 மி.மீ. பக்கம் வரும். கையில் தூக்கி நிற்கிறது என்று சொல்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

அளப்பது இப்படி. மேசையில் உள்ளங்கை கவிழ்ந்திருக்கும்படி வைத்து, மணிக்கட்டு எலும்புக்கு விரல் அகலம் மேலே, முழங்கைப் பக்கமாக, மேல்பரப்பின் அகலத்தை ஸ்கேலால் எடுக்கணும். சுற்றளவு எடுக்க வேண்டாம். ஒரே சுற்றளவில் ஒருவருக்குத் தட்டைக் கை இருக்கும், இன்னொருவருக்கு உருண்டைக் கை. அந்த அகலத்தில் 3 மி.மீ. கழித்து வரும் எண்ணுக்குள் லக் நீளம் இருந்தால் அரைக்கையானாலும் முழுக்கையானாலும் எடுபடும். 50 மி.மீ. அகலக் கைக்கு 47 மி.மீ. மேல்வரம்பு. கீழ்வரம்பும் உண்டு, 42க்குக் கீழே போனால் நாற்பத்திரண்டு அண்ணன் சொன்ன மாதிரி கையில் தொலைந்துதான் போகும்.

வெள்ளிக்காப்பு:
அளவுச் சண்டையை விட, வாட்சுக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்பதுதான் புதுசு என்பேன். மெல்லிய வெள்ளிக் காப்பு, ஸ்படிகம் கோத்த கயிறு, கல்மணி வளையம் என்று வாட்ச் கட்டும் கையிலேயே இரண்டு மூன்றை அடுக்குகிறார்கள். கூடவே அடுக்கிப் போட வசதியாக இருப்பதால்தான் சின்ன வாட்சும் சேர்ந்து ஓடுகிறது.

மெஷின்காரர்:
அடுக்குறது அழகா இருக்கலாம், வாட்சுக்கு ஆகாது. ஸ்படிகம்னா குவார்ட்ஸ் கல், கடினம் மோஸ் அளவுல 7. சாதாரண மினரல் கண்ணாடி 5, 6தான். ஒரு மாசம் உரசினாலே கீறல் விழும். சஃபையர் கண்ணாடி 9, அதுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஸ்டீல் கேஸ் பக்கவாட்டுல கோடு விழும். வெள்ளிக் காப்பு மெத்துனு இருக்கும், அது வாட்சைக் கீறாது, வாட்ச்தான் அதைக் கீறும். அடுக்கித்தான் ஆகணும்னா மணியெல்லாம் அடுத்த கைக்கு மாத்திடுங்க.

முக்கியமா, பிரஷருக்கு நல்லதுன்னு விக்கிற காந்த வளையத்தை மெக்கானிக்கல் வாட்ச் பக்கமே கொண்டு போகாதீங்க. உள்ளே இருக்கிற முடி மாதிரி ஸ்பிரிங் காந்தம் ஏறினா சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நேரம் நாளைக்குப் பல நிமிஷம் முன்னால ஓடும். திடீர்னு வேகமா ஓட ஆரம்பிச்ச வாட்சுக்கு முதல்ல பார்க்க வேண்டியது இது. போன்ல திசைகாட்டியைத் திறந்து வாட்சைக் கிட்ட கொண்டு போங்க. முள் நல்லா ஆடினா காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் எடுக்கிற கருவி எல்லா நல்ல கடையிலயும் இருக்கு, ஒரு நிமிஷ வேலை. இதுக்குப் போய் ஃபுல் சர்வீஸ்னு யாராவது பணம் கேட்டா கொடுக்காதீங்க.

புதுசா_வாங்குறேன்:
எல்லாருக்கும் நன்றி. மணிக்கட்டு அகலம் 52 மி.மீ. ஆபீஸில் முழுக்கை, போகவர பைக், வியர்வை அதிகம். சின்ன அளவு பிடித்திருக்கிறது. ஆன்லைனில் பழைய எச்எம்டி ஜனதா குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

முள்நகர்வு:
வாங்கலாம். சாவி கொடுக்கிற மெஷின், 17 ஜுவல்ஸ் (உராய்வைக் குறைக்கும் கற்கள்), மெல்லிய உடம்பு, முழுக்கைக்குள் சுலபமாக வழுக்கிப் போகும். இந்த விலைக்கு இதைவிட ஆண்மையான எளிமை கிடைக்காது.

மெஷின்காரர்:
இவருக்கு வேண்டாம் தம்பி. முதல் காரணம், ஆன்லைன்ல பளபளன்னு வர்றதுல பெரும்பாலானது டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சு, நாலு வாட்சோட பாகத்தைச் சேர்த்துக் கட்டினது. ஆரஞ்சு, ஊதா டயல்ல ஜனதான்னு பார்த்தா ஒதுங்கிடுங்க. எழுத்தோட ஓரம் மசங்கியிருக்கா, நிமிடக் கோடு ஒண்ணு தடியா ஒண்ணு மெல்லிசா இருக்கான்னு பெரிசு பண்ணிப் பாருங்க. பின் மூடியைத் திறந்து மெஷின் படம் அனுப்பச் சொல்லுங்க. மறுத்தா அந்த விற்பனையாளரை விட்டுடுங்க. எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட அரசு 2016இல் முடிவெடுத்துடுச்சு, புது உதிரிபாகம் வராது. பழைய வாட்சை உடைச்சுத்தான் எடுத்துப் போடணும்.

ரெண்டாவது, வியர்வை. அதுல தண்ணி தடுப்புன்னு சொல்ற மாதிரி எதுவும் கிடையாது. சாவிக் குமிழ் வழியா ஈரம் உள்ளே போய் முதல்ல துருப்பிடிக்கிறது சாவித் தண்டு. ஒருநாள் சாவி கொடுக்கும்போது குமிழ் கையோட வந்துடும். வீட்டுல இருக்கிற அன்னைக்குக் கட்டுறதுக்கு ஜனதா நல்ல வாட்ச், பைக்குக்கு இல்ல.

நாற்பத்திரண்டு:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். 52 மி.மீ. கைக்கு 40 மி.மீ., 100 மீட்டர், ஸ்டீல் செயின். எந்த மோகம் வந்தாலும் போனாலும் தினசரி வேலைக்கு இது நிற்கும்.

தோல்வார்:
100 மீட்டரும் செயினும் சரி. 40 வேண்டுமா என்பது அவர் விருப்பம், 49க்குள் லக் நீளம் இருந்தால் 36ம் உட்காரும், 40ம் உட்காரும். முழுக்கை போடுபவர் 11 மி.மீ.க்கு மேல் தடிமன் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் கஃப் பட்டன் தினமும் மாட்டும்.

தோல் பட்டை ஆசை இருந்தால் ஒன்றைத் தினமும் கட்டாதீங்க. வியர்வை உப்பு உள்பக்கத் தோலில் ஏறினால் முதலில் நாற்றம், பிறகு துளைகளைச் சுற்றி வெடிப்பு. கழற்றியதும் துடைத்து நிழலில் காய விடணும், வெயிலில் வைத்தால் தோல் விறைத்துவிடும். வெயில் காலத்துக்கு எஃப்கேஎம் என்ற செயற்கை ரப்பர் பட்டை வாங்குங்க, சிலிக்கோன் பஞ்சும் தூசியும் பிடிக்கும். வாட்ச் வாங்கும்போது லக் இடைவெளி, அதாவது பட்டை நுழையும் இரு கொம்புகளுக்கு நடுவே உள்ள அகலம், 18 அல்லது 20 மி.மீ. இருக்கும் மாடலாகப் பாருங்க. 19 என்றால் பட்டை கிடைப்பது சிரமம், 18 போட்டால் இருபக்கமும் அரை மி.மீ. சந்து தெரியும்.

செயினைக் குறைக்கும்போது கண்ணியின் உள்பக்கம் இருக்கும் அம்புக்குறி காட்டும் திசையில் ஊசியைத் தள்ளணும், திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த்திசையில். சில செய்கோ செயின்களில் ஊசியோடு சின்னக் குழல் ஒன்று இருக்கும். ஊசியைத் தட்டும்போது அது கீழே விழுந்து தொலையும். குழல் இல்லாமல் ஊசியை மட்டும் போட்டுக் கட்டினால் முதல் நாள் பிடிக்கும், பிறகு ஊசி நழுவி வாட்ச் ரோட்டில் கிடக்கும். கீழே வெள்ளைத் துணி விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்க. கண்ணிகளை ஒரே பக்கம் எடுத்தால் பூட்டு மணிக்கட்டின் ஓரத்துக்குப் போய்விடும், இருபக்கமும் பிரித்து எடுங்க. மதியம், கை சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், சுண்டுவிரல் நுனி உள்ளே போகிற அளவுக்கு விட்டு அளவு எடுங்க. காலையில் எடுத்த அளவு பைக்கில் போகும்போது இறுக்கும்.

நாற்பத்திரண்டு:
செயின் முறை சரியாகச் சொன்னீங்க. 36ம் உட்காரும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தம்பி, கடைக்குப் போய் இரண்டு அளவையும் கட்டிப் பாருங்க. கையைக் கிட்டே வைத்து போனில் படம் எடுத்தால் எல்லா வாட்சும் பெரிசாகத்தான் தெரியும். ஆளுயரக் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்று பாருங்க.

முள்நகர்வு:
அப்படியே செய்யட்டும். அங்கே முழுக்கைச் சட்டையோடு நின்று பார்க்கட்டும். 36ஐத் தேர்ந்தெடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.